மாமியாரிடம் எச்சில் கேட்டவள்

மாமியாராகப் போகிறவரிடம் ஒரு பெண் என்னென்னவோ கேட்கலாம். சமையல் பக்குவம் கேட்கலாம், கூறைச்சேலை என்ன நிறம் என்று கேட்கலாம், கொஞ்சம் துணிச்சல் இருந்தால் உங்கள் மகன் தூக்கத்தில் குறட்டை விடுவாரா என்றுகூடக் கேட்டுப் பார்க்கலாம். நான் எச்சில் கேட்டேன். அதுவும் விடிந்தும் விடியாத நேரத்தில், அவர் பல் விளக்குவதற்கு முன்னால், ஒரு பிளாஸ்டிக் டியூப்பை நீட்டி, "இந்தக் கோடு வரைக்கும் வேணுங்க அத்தை" என்று அளவும் சொல்லிக் கேட்டேன்.

இதில் பெருமைப்பட ஒன்றுமில்லை. ஆனால் எங்கள் சொந்தத்தில் எந்த விசேஷ வீட்டுக்குப் போனாலும், சாப்பிட்டுக் கை கழுவியதும் யாராவது ஒருவர் இந்தக் கதையை எடுத்துவிடுகிறார். ஆளுக்கொரு மாதிரிச் சொல்கிறார்கள். அண்மையில் தலவாக்கலையில் ஒரு சடங்கு வீட்டில் கேட்ட கதையில் நான் எச்சில் பிடிக்க வாளியோடு போயிருந்தேன். வாளியெல்லாம் கிடையாது. ஆகவே நடந்ததை நடந்தபடி நானே எழுதி வைத்துவிடுவதுதான் என் மானத்துக்கு நல்லது. (மிச்சம் இருக்கிற மானத்துக்கு.)

கொரோனா வந்த இரண்டாவது வருஷம் அது. எங்கள் தேயிலைத் தோட்டம் இலங்கை மலைநாட்டில், றொசல்ல ஸ்டேஷனுக்கு மேலே இருக்கிறது. நான் தோட்டத்து முன்பள்ளியில் டீச்சர். உயர்தரத்தில் உயிரியல் படித்தவள். (பாஸானேனா என்பது இந்தக் கட்டுரைக்குத் தேவையில்லாத விஷயம்.) முன்பள்ளியை மூடிவிட்டதால் சும்மா இருந்த என்னைச் சுகாதாரத் தொண்டராகச் சேர்த்து, கழுத்தில் ஓர் அட்டையை மாட்டிவிட்டார்கள். அட்டை கழுத்தில் ஏறிய அன்றே எனக்குத் தலைக்கனமும் ஏறிவிட்டது என்று அம்மா இன்றுவரை சொல்கிறார். அதெல்லாம் இல்லை. பைப்படியில் தண்ணீர் பிடிக்க நின்ற பெண்களை இரண்டு முழம் தள்ளி நிற்கச் சொன்னேன், தும்மிய ஒரு கிழவரை வழிமறித்து முழங்கையை மடக்கித் தும்மிக்காட்டச் சொன்னேன், கோயில் பஜனைக்காரர்களிடம் வாயை மூடிக்கொண்டு பாட முடியுமா என்று கேட்டேன். அவ்வளவுதான்.

பரிசோதனை என்றாலே எங்கள் ஆட்களுக்குக் குலைநடுக்கம். மூக்கில் விடுகிற அந்தக் குச்சி மூளையைத் தொட்டுவிட்டுத்தான் வெளியே வருகிறது என்று யாரோ கிளப்பிவிட்டிருந்தார்கள். சுகாதாரப் பகுதி வேன் கீழ் வளைவில் திரும்புவது தெரிந்தால் போதும், லயத்து வரிசை வீடுகளில் ஒரு குஞ்சு குருமான் இருக்காது. எல்லோரும் தேயிலைக்குள் குந்தியிருப்பார்கள். வேன் போன பிறகு ஒவ்வொரு தலையாக எழும்பும்.

இதற்கு ஒரு வழியோடு வந்தார் பீ.எச்.ஐ. மாத்தயா. பொதுச் சுகாதாரப் பரிசோதகர். சிங்களவர் (மாத்தயா என்றால் ஐயா), தங்கமான மனிதர். தமிழில் பேசியே தீருவேன் என்று அடம்பிடித்துப் பேசுவார், தங்கச்சி என்பதை மட்டும் நங்கி என்பார்.

"சுகந்தி நங்கி, இனி மூக்கு வேணா. எச்சில் போதும். எச்சில்லயும் அந்த வைரஸ் இருக்கு."

தொண்டையிலும் எச்சில் சுரக்கிற இடங்களிலும் கிருமி பெருகுகிறது, பேசும்போதும் சிரிக்கும்போதும் பாடும்போதும் கண்ணுக்குத் தெரியாத துளியாக வெளியே பறக்கிறது, அதே எச்சிலை ஒரு டியூப்பில் பிடித்து மெஷினில் வைத்தால் கிருமி உள்ள ஆள் யாரென்று சொல்லிவிடுகிறது. இவ்வளவையும் அவர் கையை ஆட்டி ஆட்டி விளக்கிவிட்டு, "பரப்புறதும் எச்சில், காட்டிக் குடுக்கிறதும் எச்சில்" என்று முடித்தார். அந்த வாசகம் எனக்கு ரொம்பப் பிடித்துப்போனது. அன்றைக்கே நாலு வீட்டில் என் சொந்த வாசகம் மாதிரிச் சொல்லிவிட்டேன்.

விதிமுறைகளும் சொல்லித் தந்தார். காலையில் எழும்பியதும் எடுக்கவேண்டும். பல் விளக்கக்கூடாது, தேத்தண்ணி கூடாது, வெற்றிலை கூடவே கூடாது. காறித் துப்பாமல், வாயில் தானாக ஊற விட்டு மெதுவாக வழிய விடவேண்டும். ஒருத்தருக்கு ஒரு டியூப், ஒருத்தருடையதை இன்னொருத்தருடையதோடு கலக்கக்கூடாது. இந்தக் கடைசி விதியை மட்டும் நான் வெளியில் யாருக்கும் சொல்லவில்லை. எச்சிலைப் போய் யாராவது கலப்பார்களா என்று நினைத்துவிட்டேன்.

இப்போது தினேஷைப் பற்றிச் சொல்லவேண்டும். எங்கள் தோட்டத்திலேயே மேல் டிவிஷன் பையன். கொழும்பில் ஒரு துணிக்கடையில் வேலை. ஊரடங்கில் கடையை மூடியதால் வீட்டுக்கு வந்திருந்தான். எங்கள் இருவருக்கும் ஒரு இது. (என்ன இது என்று கேட்காதீர்கள், அம்மாவும் இதைப் படிப்பார்.) வீட்டில் சொல்லி, அழுது, சாப்பிடாமல் கிடந்து, கடைசியில் ஒருவழியாக எல்லோரும் சம்மதித்தார்கள். ஒருவரைத் தவிர. அவர்தான் தினேஷின் அம்மா, பாக்கியம் அத்தை.

கொழுந்து பறிப்பதில் அத்தையை அடிக்க எங்கள் தோட்டத்தில் ஆள் கிடையாது. கையும் வேகம், மனசும் பெரிசு. எங்களிடம் ஒரு வழக்கம் உண்டு. தோட்டம் கேட்கிற கிலோ நிறைந்தால்தான் அன்றைக்கு முழுப் பேர் விழும், அதாவது முழுநாள் சம்பளம். குறைந்தால் அரைப்பேர்தான். நிறுவையின்போது யாருக்காவது கொழுந்து குறைகிறது என்று தெரிந்தால், அத்தை ஒரு வார்த்தை பேசாமல் தன் சாக்கிலிருந்து இரண்டு கையாலும் அள்ளி அவர்கள் சாக்கில் போட்டுவிடுவார். கணக்கப்பிள்ளை பார்த்தும் பார்க்காத மாதிரி நிற்பார். அப்படிப்பட்ட மனுஷிக்கு என்னிடம் மட்டும் ஒரு குறை இருந்தது. அதை என் அம்மாவிடமே சொல்லிவிட்டார்.

"புள்ள நல்ல புள்ளதான். படிச்ச புள்ள. ஆனா வாய்க்கு லீவே குடுக்க மாட்டேங்குதே."

இதைவிட ஆபத்தான ஒன்றும் இருந்தது. பொகவந்தலாவையில் அத்தையின் சொந்த அண்ணனுக்கு ஒரு மகள். தினேஷுக்கு முறைப்பெண். அவள் நன்றாகச் சமைப்பாள், பேசவே மாட்டாள். இருந்தாலும் மகனுக்காக அரை மனசோடு, வெள்ளிக்கிழமை எனக்குப் பரிசம் போட அத்தை தலையாட்டியிருந்தார். அதற்கடுத்த வாரம் கடை திறக்கிறது, தினேஷ் கொழும்புக்குப் போகவேண்டும். வெள்ளிக்கிழமை தவறினால் அத்தையின் மனசு பொகவந்தலாவை பஸ் ஏறிவிடும் என்று எனக்கு நன்றாகத் தெரியும். பீ.எச்.ஐ. மாத்தயாவோ, இரண்டு குடும்பமும் பரிசோதித்து, ஒருவருக்கும் ஒன்றுமில்லை என்று வந்தால்தான் பரிசத்துக்கு அனுமதி என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்.

எங்கள் வீட்டில் அப்பா, அம்மா, தம்பி மூவரிடமும் எச்சில் எடுத்தேன். என்னுடையதை எடுக்கவில்லை. எடுக்கிறவளுக்கு எதற்குப் பரிசோதனை? அந்த நாட்களில் எனக்கிருந்த ஒரே குறை, அம்மாவின் சமையல் திடீரென்று கெட்டுப்போனதுதான். சம்பலில் உறைப்பில்லை, கருவாட்டில் வாசமில்லை, பருப்பைத் தின்றால் ஈரத் துணியைத் தின்ற மாதிரி இருந்தது. சொன்னால் அம்மாவுக்குக் கோபம் வந்தது. "கல்யாண நெனப்புல நாக்கு செத்துப்போச்சுடி ஒனக்கு" என்றார். நானும் அதை நம்பினேன். உயிரியல் படித்தவள்!

செவ்வாய்க்கிழமை காலை, முகக்கவசம், அதற்குமேல் பிளாஸ்டிக் முகத்தடுப்பு, ஏப்ரன், கையில் ரெஜிஃபோம் குளிர்ப்பெட்டி என்று முழு அலங்காரத்தோடு மேல் டிவிஷனுக்கு ஏறினேன். பனிமூட்டம் வெளியில் பாதி, என் முகத்தடுப்புக்குள் பாதி. தினேஷ் வீட்டு வாசலில் தண்ணீர் ஓடும் கானுக்குள் ஒரு காலை விட்டு, பெட்டியைக் காப்பாற்றி, தொப்பென்று இஸ்தோப்புத் திண்ணையில் ஏறினேன். உள்ளே அத்தை எல்லோருக்கும் தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்துக்கொண்டிருந்தார். தினேஷின் தங்கை கவிதா கோப்பையை வாயருகே கொண்டுபோய்விட்டாள்.

"தேத்தண்ணிய யாரும் வாயில வைக்காதீங்க!"

மருமகளாகப் போகிற வீட்டில் நான் பேசிய முதல் வார்த்தை அதுதான். வணக்கம் கிடையாது, அத்தை சுகமா கிடையாது. நான்கு கோப்பைத் தேத்தண்ணியும் கேத்தலுக்குத் திரும்பிப் போயிற்று. அத்தை என்னைப் பார்த்த பார்வையில் பொகவந்தலாவை பஸ்ஸின் ஹோர்ன் சத்தம் எனக்குக் கேட்டது.

"வேலைப் பெரட்டுக்கு நேரமாகுது புள்ள. தேத்தண்ணி இல்லாம நான் ஒருநாளும் மலையேறுனதில்ல."

"கொஞ்ச நேரந்தாங்க அத்தை. எச்சி எடுத்தொடனே குடிக்கலாம்."

"என்னாத்த எடுத்தொடனே?"

விளக்கினேன். பரப்புவதும் எச்சில், காட்டிக் கொடுப்பதும் எச்சில் என்று தொடங்கி முழு வகுப்பும் எடுத்தேன். முகத்தடுப்புக்குள்ளிருந்து பேசினால் குரல் எனக்கே திரும்பி வந்தது. அதனால் முகத்தடுப்பைத் தூக்கிவிட்டுப் பேசினேன். மாமா ஒரு மூலையில் கன்னம் உப்பியிருக்க அமைதியாகக் கேட்டுக்கொண்டிருந்தார். தினேஷின் அப்பா பொதுவாகப் பேசுவதில்லை, அத்தை இருவருக்கும் சேர்த்துப் பேசிவிடுவார். கன்னத்தில் என்ன என்று பார்த்தால் வெற்றிலை!

"மாமா, துப்புங்க!"

மாமாவுக்கு ஒரே சந்தோஷம். இவ்வளவுதானா பரிசோதனை என்று வாசலில் போய் அழகாகத் துப்பிவிட்டு வந்து, "எடுத்தாச்சா?" என்றார். இல்லை மாமா என்று சொல்லி, வாயைக் கொப்பளிக்கச் செய்து, காத்திருக்க வைத்தேன். எல்லோரும் வரிசையாகக் குந்தினார்கள். கையில் ஆளுக்கொரு டியூப். குளிர் வேறு, வெட்கம் வேறு. எல்லார் வாயும் வறண்டுபோயிற்று. ஒரு சொட்டு வரவில்லை.

அப்போதுதான் எனக்கு அந்த அபாரமான யோசனை வந்தது. ஹட்டன் பஸ் ஸ்டாண்டில் விற்பார்களே, பச்சை மாங்காய், கீறிக் கீறி நடுவில் உப்பும் கொச்சிக்காய்த் தூளும் அப்பிய மாங்காய். அதை வர்ணிக்கத் தொடங்கினேன். கடித்தால் பல் கூசுகிற புளிப்பு, நாக்கு நுனியில் ஏறுகிற உறைப்பு, மணிக்கட்டு வரை வழிகிற சாறு, அதை நக்குகிற சுகம். கவிதா கண்ணை மூடிக்கொண்டாள். தினேஷின் தொண்டை ஏறி இறங்கியது.

"முழுங்காதீங்க! முழுங்காதீங்க! இதோ, இப்புடி!"

என்று சொல்லி, பெட்டியில் மேலதிகமாக இருந்த அகல வாய்க் கப் ஒன்றை எடுத்து, இஸ்தோப்பு ஓரமாகப் போய், முகக்கவசத்தை இறக்கி, செய்து காட்டினேன். அந்த மாங்காய் வர்ணனையில் அதிகமாக ஊறியிருந்தது எனக்குத்தான். கப்பில் பாதி நிறைந்துவிட்டது. (அளவில் கொஞ்சம் பெருமைகூடப் பட்டேன், சத்தியமாக.)

ஆனால் மாமா அசையவில்லை. அத்தையின் காதில் ஏதோ முணுமுணுத்தார். "மருமக முன்னாடி எப்புடித் துப்புறதுன்னு கேக்குறாரு" என்றார் அத்தை. மருமகள்! அந்த ஒரு சொல்லில் எனக்குத் தலைகால் புரியவில்லை. கப்பை ஜன்னல் கட்டையில் வைத்துவிட்டு, "நான் வெளிய நிக்கிறேங்க, நீங்க ஆறுதலா எடுங்க" என்று வாசலுக்கு இறங்கி, முதுகைக் காட்டிக்கொண்டு நின்றேன்.

உள்ளேயிருந்து சத்தம் மட்டும் கேட்டது.

"கோட்டுக்கு வரலியே?"

"அவருக்கு வாயே காஞ்சு கெடக்கு, பாவம்."

"இந்தா, இதுலயிருந்து ஊத்து. இன்னுங் கொஞ்சம். போதும், போதும்."

"கவிதாவுக்கும் கொறையுதும்மா."

ஒருவரையொருவர் எப்படி உற்சாகப்படுத்துகிறார்கள், குடும்பம் என்றால் இப்படியல்லவா இருக்கவேண்டும் என்று நான் வாசலில் நின்று நெகிழ்ந்துகொண்டிருந்தேன். 'ஊத்து' என்ற சொல் காதில் விழத்தான் செய்தது. அட்டை மாட்டியவளுக்கு அதெல்லாம் உறைக்குமா?

வந்து பார்த்தால் நான்கு டியூப்பும் கோட்டுக்கு நேராக, மயிரிழை கூடாமல் குறையாமல் நிறைந்திருந்தன. இவ்வளவு அழகாக எந்த வீட்டிலும் தந்ததில்லை என்று வாய்விட்டுச் சொன்னேன். அத்தை முதல் தடவையாக என்னைப் பார்த்துச் சிரித்தார்.

"எங்க வீட்டுல யாருக்கும் அரைப்பேர் விழ விடமாட்டேன் புள்ள."

ஜன்னல் கட்டையில் என் கப் கழுவிக் கவிழ்த்து வைக்கப்பட்டிருந்தது. என்ன சுத்தம் என்று மெச்சிக்கொண்டே மலையிறங்கினேன்.

வியாழக்கிழமை பீ.எச்.ஐ. மாத்தயா போன் பண்ணினார்.

"நங்கி, ஒங்க வீடு நெகட்டிவ். நல்லது. தினேஷ் வீடு... அனே நங்கி, நாலு பேரும் பொசிட்டிவ்."

பரிசம் போயிற்று. மத்தியானத்துக்குள் தினேஷ் வீட்டுக் கதவில் தனிமைப்படுத்தல் அறிவித்தலை ஒட்டிவிட்டார்கள். லயம் முழுக்க ஒரே பேச்சு, கொழும்பிலிருந்து தினேஷ்தான் கொண்டுவந்தான் என்று. அத்தைக்கு வேலையும் போயிற்று. எத்தனை பேருக்குப் பேர் விழவைத்த மனுஷி வீட்டுக்குள் கிடக்க, அவரிடம் கொழுந்து வாங்கியவர்களே அந்த வாசலைச் சுற்றிக்கொண்டு நடந்தார்கள். அது எனக்கு நெஞ்சை அடைத்தது.

நெஞ்சை அடைத்தாலும் வாயை அடைக்கவில்லையே. பாதையில் தள்ளி நின்றுகொண்டு, அட்டையை நேராக்கி, மூடிய கதவைப் பார்த்துப் புத்தி சொன்னேன். பஸ்ஸில் சத்தமாகப் பேசக்கூடாது என்று எத்தனை தரம் சொன்னேன், முகக்கவசத்தைத் தாடையில் போட்டால் கிருமிக்குத் தெரியுமா, இப்போது பாருங்கள், பரப்புவதும் எச்சில்...

கதவு கொஞ்சம் திறந்தது. அத்தையின் கண் சிவந்திருந்தது.

"எம் மகன் யாருக்கும் ஒரு கெடுதலும் செய்யல புள்ள. நீயுமா சொல்ற?"

கதவு மூடிக்கொண்டது. அதற்குப் பிறகு தினேஷுக்குப் போன் எடுத்தேன். யாரோடு பேசினாய், யார் முன்னால் நின்றாய் என்று விசாரணை நடத்தினேன். அவன் சொன்னான்.

"நான் இங்க வந்ததுலயிருந்து ஒருத்தரோடயும் பேசல சுகந்தி. ஒன்னோட மட்டுந்தான். அம்மா பொகவந்தலாவை மாமாவுக்குப் போன் எடுத்தாங்க. என்னா பேசுனாங்கன்னு தெரியல."

எனக்கு அன்றைக்குச் சோறு இறங்கவில்லை. இறங்கியிருந்தாலும் ருசி தெரிந்திருக்காது.

மறுநாள், பரிசம் போடவேண்டிய அதே வெள்ளிக்கிழமை, பீ.எச்.ஐ. மாத்தயா நேரே தினேஷ் வீட்டுக்கு வந்துவிட்டார், பின்னால் அதே அலங்காரத்தோடு நான். அவருக்கு ஒரு சந்தேகம். பொசிட்டிவ் ஆன நான்கு பேரில் ஒருவருக்கும் இருமல் இல்லை, காய்ச்சல் இல்லை. அத்தை விறகு பிளந்துகொண்டிருந்தார். மாமா இரண்டாம் முறை சோறு கேட்டு வாங்கித் தின்றுகொண்டிருந்தார். அதைவிட விசித்திரம், மெஷினில் நான்கு பேருக்கும் கிட்டத்தட்ட ஒரே அளவு காட்டியிருக்கிறது. "ஒரே போத்தல்லயிருந்து நாலு கிளாஸ்ல ஊத்தின மாதிரி" என்றார்.

அந்த இடத்திலேயே முடிவு சொல்கிற மூக்குக் குச்சியைக் கொண்டுவந்திருந்தார். லயத்து இஸ்தோப்புகள் எல்லாவற்றிலும் ஆட்கள். இந்த முறை யாரும் தேயிலைக்குள் ஓடவில்லை, வேடிக்கை பார்க்கவேண்டுமே. நால்வரின் மூக்கிலும் குச்சி போய் வந்தது. நால்வருக்கும் ஒற்றைக் கோடு. ஒன்றுமில்லை.

மாத்தயா தலையைச் சொறிந்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"நங்கி, நீயும் வா."

"எனக்கெதுக்கு மாத்தயா? நான்தானே எடுத்தேன்."

"அதுக்குத்தான்."

குச்சி மூளையைத் தொடவில்லை என்பதை இங்கே அதிகாரபூர்வமாக அறிவிக்கிறேன். ஆனால் கண்ணீர் வந்தது. அதைத் துடைத்துக்கொண்டு பார்த்தால், மாத்தயாவின் கையிலிருந்த சின்னப் பரிசோதனை அட்டையில் இரண்டு கோடு. நல்ல அழுத்தமான கோடு. அத்தை வாசல்படியிலிருந்து எட்டிப் பார்த்தார். கோட்டின் கணக்கு அதற்குள் தோட்டத்தில் எல்லோருக்கும் தெரிந்திருந்தது.

"அம்மா, எச்சில் எப்பிடி டியூப்புல போட்டீங்க?" என்று மாத்தயா அத்தையிடம் மெதுவாகக் கேட்டார்.

அத்தை நிமிர்ந்து நின்றார். செய்த வேலையைப் பற்றி மேலதிகாரி கேட்கும்போது நிற்பாரே, அந்த நிலை.

"கோடு வரைக்கும் வேணும்னு புள்ள சொல்லிச்சுங்க. எனக்கும் தினேஷுக்கும் வந்திருச்சு. இவருக்கு வெத்தல கொப்பளிச்ச வாயி, சுத்தமா வரல. கவிதாவுக்கும் கொறஞ்சிருச்சு. கொறஞ்சா சும்மா விட்டுற முடியுங்களா? மலையில கொழுந்து கொறஞ்சா போட்டுக் குடுப்போம்ல, அது மாதிரி எல்லாத்தையும் ஒரு கப்புல ஊத்தி, கலந்து, சமமா பிரிச்சுக் குடுத்தேங்க."

"எந்தக் கப்?"

"அதாங்க, சுகந்தி புள்ள மொதல்லயே பாதி கப்பு துப்பி வச்சிருந்திச்சே. அதுல நல்லா நெறைய இருந்திச்சு. வீணாக்கலாமா? எங்களுக்கு ஒதவிக்குத்தான் வச்சிட்டுப் போயிருக்குன்னு நெனச்சோம்."

மாத்தயா முகக்கவசத்துக்கு மேலால் வானத்தைப் பார்த்தார். அவருடைய தோள் குலுங்கியது. முதலில் வாய்விட்டுச் சிரித்தவர் மாமா. எனக்குத் தெரிந்து அந்த மனுஷனின் குரலை லயம் கேட்டதே அன்றைக்குத்தான். பிறகு இஸ்தோப்பு இஸ்தோப்பாகச் சிரிப்பு இறங்கிப்போய்க் கடைசி வீட்டுக் காம்பராவில் நின்றது. எச்சிலைப் பற்றி ஊருக்கே வகுப்பெடுத்த மகராசியின் எச்சில் நான்கு பேருடைய டியூப்பிலும் இருந்து, நான்கு பேரையும் கொரோனாக்காரர்கள் ஆக்கி, கதவில் அறிவித்தலும் ஒட்ட வைத்திருக்கிறது! நான் முகத்தடுப்பை இறக்கிவிட்டுக்கொண்டேன். கண்ணாடி மாதிரி இருக்கிற அந்தச் சனியனுக்குப் பின்னால் என்னத்தை ஒளிக்க முடியும்?

என் வீட்டாருக்கு எப்படித் தொற்றவில்லை, இவர்கள் முன்னால் நான் வாயைத் திறந்து மாங்காய்ப் பிரசங்கம் செய்தும் இவர்களுக்கு எப்படி வரவில்லை என்று மாத்தயாவிடம் பிறகு கேட்டேன். "சில நேரம் அப்பிடித்தான் நங்கி" என்றார். விஞ்ஞானத்தில் அதற்குமேல் எனக்கு விளக்கம் கிடைக்கவில்லை.

என்னைக் கொண்டுபோய்ப் பிள்ளைக் காம்பராவில் விட்டார்கள். கொழுந்தெடுக்கப் போகிற தாய்மார் கைக்குழந்தைகளை விட்டுவிட்டுப் போகிற கட்டடம், அப்போது பூட்டிக் கிடந்தது. தொட்டில்களுக்கு நடுவில் ஒரு பாயைப் போட்டுக்கொண்டு, நான் பாட்டுக்கு அழுதேன். காய்ச்சல் லேசாகத்தான் இருந்தது. அழுகை அதற்கு இல்லை. அந்த வீட்டு வாசலில் நின்று அந்த அம்மாவையே குற்றம் சொன்னேனே, அவர் கண் சிவந்து நின்றாரே, அதற்கு. இனி எந்த முகத்தோடு அந்தப் படியேறுவேன்? பொகவந்தலாவைக்காரி சும்மாவே பேசமாட்டாள், துப்பவா போகிறாள்? தினேஷின் போனை எடுக்கக்கூட எனக்குக் கை வரவில்லை.

அப்படியே நாட்கள் போயின. ஒரு காலையில், "ஏ புள்ள! சுகந்தி!" என்று வெளியே சத்தம். ஜன்னலைத் திறந்தால் மதிலுக்கு அந்தப் பக்கம் பாக்கியம் அத்தை. முகக்கவசம் சரியாகப் போட்டிருந்தார். மூக்குக்குமேல். கையில் அடுக்குச் சட்டி. அதை மதில்மேல் வைத்துவிட்டுப் பத்தடி பின்னால் போய் நின்றார்.

"கருவாட்டுக் கொழம்பு. மணக்குதா?"

"இல்லிங்க அத்தை. ஒண்ணும் தெரியல."

"நல்லதாப்போச்சு. உப்பு பத்தலன்னு வாயடிக்க மாட்ட."

எனக்கு அதிலேயே அழுகை உடைந்துவிட்டது. "என்னய மன்னிச்சிருங்க அத்தை. என்னாலதான் ஒங்களுக்கு இவ்ளோ அவமானம். வேலையும் போச்சு. நான் வேற வாசல்ல நின்னு என்னென்னமோ பேசிட்டேன்..." என்று தொடங்கி, மூக்கு ஒழுக, வார்த்தை குழற, ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு அழுதேன்.

"இந்தா, இந்தா. எச்சி தெறிக்கப் பேசாத. நீதான சொன்ன, அதுலதான் பரவுதுன்னு" என்றார் அத்தை. பிறகு முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, லயத்துக்கே கேட்கிற குரலில் சொன்னார்.

"நேத்து எங்க அண்ணன் போன் எடுத்துச்சு. நம்ம புள்ளைக்கே பேசிருவமான்னு கேட்டுச்சு. நான் என்னா சொன்னேன் தெரியுமா? அண்ணே, எங்க நாலு பேரு எச்சியும் அந்தப் புள்ள எச்சியும் ஒரே கப்புல கலந்து, டியூப்புல ஏறி, கொழும்பு வரைக்கும் போயி, அஞ்சும் ஒண்ணுதான்னு கவர்மெண்டே சொல்லிருச்சு. இனி அதப் பிரிக்க ஏலாதுண்ணேன்னு சொன்னேன். எச்சி கலந்த பொறகு என்னா பரிசம்? நீ எந்திரிச்சு வா. நேரா கல்யாணத்த வச்சிருவோம்."

அந்த நிமிஷத்தில் அத்தையை எனக்கு எவ்வளவு பிடித்தது என்று சொல்லத் தெரியவில்லை. தினேஷை எனக்கு ரொம்பப் பிடிக்கும். ஆனால் அன்றைக்கு மட்டும், அவனைவிட அவன் அம்மாவை ஒரு படி கூடுதலாகப் பிடித்தது. கருவாட்டுக் குழம்பைச் சட்டியோடு வழித்துத் தின்றேன். ருசி தெரியாமலேயே என் வாழ்நாளில் தின்ற நல்ல சாப்பாடு அது.

கல்யாணம் சின்னதாக நடந்தது. பீ.எச்.ஐ. மாத்தயா வந்து, பாலும் பழமும் கொடுக்கிற நேரத்தில், "ஒருத்தருக்கு ஒரு டம்ளர், கலக்க வேணா" என்று சொல்லி ஊரைச் சிரிக்க வைத்தார். நான் இப்போதும் முன்பள்ளி டீச்சர்தான். வாய்க்கு இன்னும் லீவு கொடுக்கவில்லை. அத்தையும் நானும் ஒரே வீட்டில் நாள் முழுக்கப் பேசிக்கொள்வதில், அந்த வீட்டு ஆண்கள் இருவருக்கும் பேச வேண்டிய அவசியமே இல்லாமல் போய்விட்டது.

எங்களுக்கு ஒரு மகள் பிறந்தாள். பெயர் வைக்கிற அன்று வந்தவர்களெல்லாம் தொட்டிலைச் சுற்றி நின்று, பிள்ளை யார் ஜாடை என்று வழக்கு நடத்திக்கொண்டிருந்தார்கள். மூக்கு தினேஷ் என்றார்கள். காது மாமா என்றார்கள். கண் அப்படியே பாக்கியம் என்று அத்தையின் பொகவந்தலாவை அண்ணன்கூட ஒத்துக்கொண்டார். என் பக்கத்துக்கு ஒன்றுமே மிஞ்சவில்லை என்று என் அம்மாவுக்கு முகம் தொங்கிவிட்டது. அந்த நேரம் பார்த்து என் மகள் பொக்கை வாயைத் திறந்து சிரித்து, தாடை, கழுத்து, புதுச் சட்டை எல்லாம் நனைய ஒரு வாய் எச்சிலை வழியவிட்டாள்.

அத்தை குனிந்து, முந்தானையால் அதைத் துடைத்தார். துடைத்த முந்தானையைக் கூட்டத்துக்குத் தூக்கிக் காட்டினார்.

"இதுல மட்டும் யாருக்கும் சந்தேகம் வேணாம். இது அவ அம்மாவோடது. பொசிட்டிவ்!"

அன்றைக்கு வைத்த நல்ல பெயர் பிறப்புச் சான்றிதழில் இருக்கிறது. வீட்டில் அவளுக்குப் பெயர் பொசிட்டிவ்தான். அத்தை மலையிலிருந்து இறங்கி வந்து அப்படிக் கூப்பிட்டால், எங்கிருந்தாலும் ஓடிவந்து அவர் மடியில் ஏறி, கன்னத்தில் ஈரமாக ஒரு முத்தம் வைக்கிறாள். அத்தை அதைத் துடைப்பதே இல்லை.